பக் சரியாகும்வரை: எந்த டிராக்கரோடு காத்திருப்பது சுலபம்?

ஃபிட்னஸ் டிராக்கர் வாங்கும்போது பேட்டரி, திரை, ஜிபிஎஸ், இதயத் துடிப்பு சென்சார் என்று வரிசையாக ஒப்பிட்டுப் பார்ப்போம். வாங்கிய பிறகு ஒரு பக், அதாவது மென்பொருள் கோளாறு, வந்தால் அதற்கான அப்டேட் எப்படி, எப்போது நம் கைக்கு வரும் என்பதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து தூக்கக் கணக்கு காணாமல் போகும்போதுதான் அது நினைவுக்கு வரும். இந்த அலசல் அதைப் பற்றி மட்டும்தான்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: பக் எங்கே இருக்கிறது? வாட்சை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கலாம், போனில் உள்ள ஆப்பில் இருக்கலாம், நிறுவனத்தின் சர்வரிலும் இருக்கலாம். வாட்ச் திரையில் 8,000 ஸ்டெப் என்று சரியாகக் காட்டி, ஆப்பில் மட்டும் 5,000 என்று வந்தால் வாட்ச் மேல் பழி போட வேண்டாம். கோளாறு சிங்க்கிலோ (வாட்ச் தரவு ஆப்புக்குப் போய்ச் சேரும் வேலை), ஆப்பிலோ, சர்வரிலோதான். ஆப் பக் என்றால் ஆப் ஸ்டோர் வழியாகச் சில நாளில் தீர்வு வந்துவிடும். சர்வர் பக் என்றால் நாம் தூங்கி எழுவதற்குள் தானாகவே சரியாகியிருக்கும். உண்மையான காத்திருப்பு ஃபர்ம்வேர் பக்குக்குத்தான். அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பாணி இருக்கிறது.

ஆப்பிள் வாட்ச் வேகத்தில் முன்னால் நிற்கிறது. அப்டேட் வெளியான அன்றே உலகம் முழுக்க எல்லோரும் இறக்கிக்கொள்ளலாம். செப்டம்பரில் பெரிய பதிப்பு, நடுவில் சின்னச் சின்ன திருத்தங்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில் போவதில் ஒரு ஆபத்து உண்டு. 2018 அக்டோபர் கடைசியில் வந்த வாட்ச்ஓஎஸ் 5.1 (ஆப்பிள் வாட்ச்சின் இயங்குதளம்), சிலருடைய வாட்ச்சை ஆப்பிள் லோகோவிலேயே உறைய வைத்துவிட்டது. நிறுவனம் உடனே அதைத் திரும்பப் பெற்றது, சில நாளில் 5.1.1 வந்தது. வேகம் சரி. ஆனால் ஏற்கெனவே உறைந்துபோன வாட்ச்சை வைத்திருந்தவர் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் வீட்டில் கேபிள் மாட்டிச் சரிசெய்ய வழியில்லை. பக்கத்தில் ஐபோனை வைத்தே வாட்ச்சை மீட்டெடுக்கும் வசதி 2022-இல்தான் வந்தது. இன்னொன்று: புதிய பதிப்பு பிடிக்கவில்லை என்று பழையதற்குத் திரும்ப இங்கே வழி கிடையாது. சார்ஜரில் வை, 50 சதவீதம் சார்ஜ் இருக்கட்டும், போன் பக்கத்தில் இருக்கட்டும் என்று அத்தனை நிபந்தனை போட்டு ஏற்றும் அப்டேட் ஒருவழிப் பாதைதான்.

கார்மின் இதற்கு நேர் எதிர். அப்டேட்டை முதலில் குறிப்பிட்ட சதவீதம் பேருக்கு அனுப்பிப் பார்ப்பார்கள், பிரச்சினை இல்லை என்றால் மீதிப் பேருக்கு. உங்கள் நண்பர் வாட்ச்சில் வந்த அப்டேட், அதே மாடல் வைத்திருக்கும் உங்களுக்கு ஒரு வாரம் கழித்து வரும். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் என்ன திருத்தினார்கள் என்று வரிவரியாகப் பட்டியல் போடுகிறார்கள், வெளியாகும் முன்பே அப்டேட்டைச் சோதித்துப் பார்க்க யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பீட்டா திட்டமும் பல மாடல்களுக்கு உண்டு. உங்களைப் படுத்தும் பக் அந்தப் பீட்டா பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி எரிச்சல் அடங்கிவிடும்.

இப்படிப் படிப்படியாகப் போனாலும் எல்லாம் தப்பிவிடும் என்று சொல்ல முடியாது. 2025 ஜனவரி கடைசியில் பல கார்மின் வாட்ச்சுகள் நீல முக்கோணத்தைக் காட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. காரணம் ஃபர்ம்வேர் அப்டேட் இல்லை. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் சின்ன ஜிபிஎஸ் ஃபைல் ஒன்று கெட்டுப்போயிருந்தது. அந்த ஃபைல் சிங்க் செய்யும்போதெல்லாம் சத்தமில்லாமல் வாட்ச்சுக்குள் போய்வருவது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்து, சிங்க் செய்ததில் பலருக்குச் சரியானது. சிலர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கும் ஃபேக்டரி ரீசெட் வரை போக வேண்டியிருந்தது. ஃபர்ம்வேருக்குச் சதவீதக் கணக்குப் பார்க்கும் நிறுவனம், இந்த மாதிரி தரவு ஃபைல்களுக்கும் அதே நிதானத்தைக் காட்டினால் நன்றாக இருக்கும்.

ஃபிட்பிட்டும் அப்டேட்டைப் பகுதி பகுதியாகத்தான் அனுப்பும். ஆனால் கார்மின் அளவுக்கு விவரம் எதிர்பார்க்காதீர்கள். ‘பக் திருத்தங்கள், மேம்பாடுகள்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும் குறிப்புகள் நிறைய. என்ன மாறியது என்றே தெரியாதபோது, அப்டேட்டுக்குப் பிறகு எது நடந்தாலும் சந்தேகம் அதன் மேல்தான் விழும். 2023 கடைசியில் சார்ஜ் 5 பேட்டரி சட்டென்று இறங்குகிறது, புது ஃபர்ம்வேர்தான் காரணம் என்று பலர் புகார் சொன்னார்கள். ஃபர்ம்வேர் காரணமில்லை என்றது நிறுவனம். யார் சொல்வது சரி என்று வெளியிலிருந்து பார்ப்பவர் முடிவுசெய்ய அந்த ஒற்றை வரிக் குறிப்பு எந்த வகையிலும் உதவாது.

விலை குறைந்த பேண்டுகளைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முதல் சில மாதம் அப்டேட் வரும், அடுத்த மாடல் வந்ததும் கவனம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். வாங்கும் நாளில் எப்படி வேலை செய்கிறதோ அதுதான் கடைசிவரை என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. மதியத் தூக்கத்தையே கண்டுகொள்ளாத ஒரு பேண்டை, பெயர் வேண்டாம், நானும் அப்டேட்டை எதிர்பார்த்தே கட்டிக்கொண்டிருந்தேன். வந்த அப்டேட்டில் நாலு புது வாட்ச் ஃபேஸ் இருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் பேண்டுகளில் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதோ என்று பதறுபவர்களுக்கு ஒரு விளக்கம். பேண்டும் போனும் பேசிக்கொள்ளும் குறைந்த மின்சார ப்ளூடூத்தான ப்ளூடூத் லோ எனர்ஜியில், எதையும் கூட்டிக்கொள்ளாத அடிப்படை அளவில், ஒரு பாக்கெட்டில் 20 பைட் தரவுதான் போகும். 400 கிலோபைட் ஃபர்ம்வேர் என்றால் சுமார் 20,000 பாக்கெட். புதிய சாதனங்கள் பாக்கெட்டைப் பெரிதாக்கிக்கொள்ளும், இருந்தாலும் ஆமை வேகம்தான். 90 சதவீதத்தில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அவசரப்பட்டு ஆப்பை மூடாதீர்கள்.

கடைசியாக, நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கவும் திருத்தவும் முடிகிற திறந்த மூல வழி. பைன்டைம் என்ற வாட்ச்சில் ஓடும் இன்ஃபினிடைம் ஃபர்ம்வேரை ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். உங்கள் பக்கை யார் பார்க்கிறார்கள், எங்கே சிக்கி நிற்கிறது என்பதெல்லாம் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அப்டேட்டுக்குப் பிறகு நடப்பதுதான்: வாட்ச் புது ஃபர்ம்வேரில் எழுந்துகொள்ளும், ஆனால் செட்டிங்ஸுக்குள் போய் ‘இது சரி’ என்று நீங்கள் உறுதி செய்யும்வரை அதை நிரந்தரமாக ஏற்காது. உறுதி செய்யாமல் ரீஸ்டார்ட் ஆனால் பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிவிடும். வெறும் 64 கிலோபைட் ராம் உள்ள வாட்ச்சில் இதைச் செய்ய முடிகிறது என்றால், பெரிய நிறுவனங்கள் பின்வாங்கும் வழியை அடைத்து வைத்திருப்பதற்கு என்ன சாக்கு? அதற்காக எல்லோரும் பைன்டைம் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். இதயத் துடிப்பு அளவீட்டில் அது பின்தங்கித்தான் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் எது சரியாகும் என்று யாரும் வாக்கு கொடுக்கவும் மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், காத்திருப்பதற்கு ஏற்றது கார்மின் வழி. அப்டேட் தாமதமாக வருவது என்னை அவ்வளவாகப் படுத்துவதில்லை. வருமா வராதா என்று தெரியாமல் இருப்பதுதான் படுத்துகிறது. வாட்ச்சில் கோளாறு என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டேன் என்பவருக்கு ஆப்பிள் சரிப்படும், புதிய பதிப்பை இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு ஏற்றும் பொறுமை மட்டும் இருந்தால்.

அதுவரை என்ன செய்வது? ரீஸ்டார்ட் எப்போதும் முதல் வேலை. பீட்டாவில் சேர்வது, உங்கள் பக் அந்தப் பட்டியலில் பெயரோடு இருந்தால் மட்டும். பந்தயம், நீண்ட பயணம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அப்போதும் வேண்டாம். ஃபேக்டரி ரீசெட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடுவதற்கு முன் ஒருமுறை சிங்க் செய்து, நேற்றைய நடையும் உறக்கமும் ஆப்பில் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். ஏறாமல் வாட்ச்சிலேயே தங்கியிருக்கும் கணக்கை ரீசெட்டுக்குப் பிறகு யாராலும் மீட்டுத் தர முடியாது.