ஹெண்டர்சன் கப்பல் உறைகள்: போருக்கு முன்னா, போர்க்காலமா?

அமெரிக்கக் கடற்படையின் ஹெண்டர்சன் 1917-ல் சேவைக்கு வந்த துருப்புக் கப்பல். 1923-ல் அதிபர் ஹார்டிங் அலாஸ்கா சென்றது இதில்தான். 1944-ல் மருத்துவமனைக் கப்பலாகி பவுண்டிஃபுல் என்று பெயர் மாறியது. இதன் அஞ்சல் உறைகளைச் சேர்க்கத் தொடங்குபவருக்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, 1930-களின் உறைகள். வட்ட முத்திரையில் கப்பல் பெயரும் தேதியும் இருக்கும்; வட்டத்தின் பக்கத்தில் தபால்தலை மேல் விழும் கோடுகளுக்கிடையே பெரும்பாலும் துறைமுகப் பெயர் வரும். பயண வழியை இதிலேயே தொடரலாம். ஆனால் தேதியும் கோடுகளுக்கிடையே உள்ள எழுத்துகளும் கையால் கோத்தவை: தேதி தவறும், பழைய ஊர்ப் பெயர் மாற்றாமல் நிற்கும், சில வேளை ஊருக்குப் பதில் விழா வாழ்த்து இருக்கும். கடிதம் எதுவுமின்றி, முத்திரைக்காகவே சேகரிப்பாளர்கள் கேட்டு வாங்கிய உறைகளும் ஏராளம். கப்பலின் நாட்குறிப்போடு தேதியை ஒப்பிடாமல் எதையும் நம்பக் கூடாது.

இரண்டாவது வழி, இரண்டாம் உலகப் போர்க்கால உறைகள். இவற்றில் கப்பல் பெயரையே பாதுகாப்புக்காக முத்திரையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எஞ்சுவது வெறும் "கடற்படை", தேதி, தணிக்கை முத்திரை. 1942 ஏப்ரலிலிருந்து வீரர்களின் கடிதங்களுக்குக் கட்டணமில்லை; தபால்தலை இடத்தில் கையால் "இலவசம்" என்று எழுதியிருப்பார்கள். இங்கே அனுப்புநர் முகவரிதான் உயிர். அந்த மூலையைக் கத்தரித்திருந்தால் எந்தக் கப்பல் என்று சொல்லவே முடியாது.

புதியவருக்கு முன்னதே ஏற்றது. ஆனால் உண்மையான கடிதப் போக்குவரத்து பின்னதில்தான் இருக்கிறது. பொறுமை உள்ளவர் அதையே தேடலாம். எதுவானாலும் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். முழு உறைக்குத்தான் மதிப்பு, ரப்பர் முத்திரை மையும் கரைந்துவிடலாம்.