செஞ்சிக் கோட்டை: கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய போர்ப்பாடம்

கோட்டைப் போர் எப்படி நடந்தது என்று ஒரே நாளில் கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள, தமிழ்நாட்டில் செஞ்சியைவிடச் சிறந்த இடம் கிடையாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழகத்துக் கோட்டை இது ஒன்றுதான். ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் டிக்கெட் வாங்கியதும் நேரே ராஜகிரி உச்சிக்கு ஏறி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இது வெறும் மலையேற்றம். கோட்டையைத் தாக்க வந்த படை எந்த வரிசையில் தடைகளைச் சந்தித்ததோ அதே வரிசையில் நீங்களும் நடக்க வேண்டும்.

செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் ஆட்டோவில் சில நிமிடம்தான். சாலையே மதிலைப் பிளந்துகொண்டு போகிறது. வலப்பக்கம் கிருஷ்ணகிரிக் குன்று, இடப்பக்கம் ராஜகிரிக் குன்று. முதலில் கிழக்கே புதுச்சேரி வாசலுக்குப் போங்கள். வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும் அந்தப் பக்கம்தான். வாசலுக்குள் நுழைந்ததும் பாதை நேராகப் போகாமல் திரும்புவதைக் கவனியுங்கள். யானையோ, கதவை இடிக்கும் மரத்தைச் சுமந்து வரும் ஆட்களோ ஓடி வந்து வேகம் எடுக்க அங்கே இடமில்லை. திரும்புகிற இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: மதில் மேல் நிற்பவனுக்கு உங்கள் தலையும் தெரியும், முதுகும் தெரியும். மதிலில் இருக்கும் துப்பாக்கித் துளைகளுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தால், எந்தத் துளை தூரத்தையும் எந்தத் துளை மதிலடியையும் காக்கிறது என்பது விளங்கும். இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்கோட்டையில் எல்லோரும் கல்யாண மகாலையே சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பார்கள். போர் வரலாறு படிக்க வந்தவர்கள் நெற்களஞ்சியத்தில் அதிக நேரம் நில்லுங்கள். முற்றுகையில் நிற்பதும் விழுவதும் சோற்றையும் தண்ணீரையும் பொறுத்தது. களஞ்சியத்தின் கனத்த சுவர்களையும் வளைவுக் கூரையையும் பார்த்தபின் யானைக்குளம், அதன்பின் மலைச் சுனைகள் என்று போனால், மொகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை ஏன் இழுத்தது என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி மதிலுக்கு வெளியே நடந்தது. மராத்தியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முற்றுகையிட்டவர்களுக்கு வரும் தானியத்தையே மறித்தார்கள். முற்றுகைப் படை பட்டினியில் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் கோட்டை விழுந்தபோது, அதைக் கையில் வைத்திருந்த மராத்திய மன்னர் ராஜாராம் அங்கே இல்லை, ஏற்கெனவே தப்பிவிட்டார்.

இப்போது ராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். நிதானமாக ஏறினால் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவு சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். பாலத்தின் நடுவில் நின்று எதிரே உள்ள வாசலைப் பாருங்கள். அந்தப் பக்கம் பத்துப் பேர் துப்பாக்கியோடு நின்றால் போதும், ஒரு பெரிய படையே இந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான். கோட்டையின் மொத்தப் பாடமும் இந்த 24 அடியில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் 1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. கதவில் வெடிமருந்துப் பெட்டியைப் பொருத்தித் தகர்த்தார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலியின் படை தோற்று ஓடிவந்து கலங்கிப்போய் உள்ளே இருந்தது, விடிவதற்குள் மூன்று குன்றும் கைமாறின. மதில் அதே மதில்தான். காக்கிற ஆளும் கட்டுப்பாடும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி வாசலையும் பாலத்தையும் ஒரே நாளில் பார்த்தவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

குறை என்றால், தகவல் பலகைகள்தாம். எந்தக் கட்டடம், யார் காலம் என்பதோடு நின்றுவிடுகின்றன. வாசல் ஏன் வளைகிறது, துளை ஏன் சாய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று குன்றுகளையும் மதில் எப்படி இணைக்கிறது என்பது தரையில் நின்றால் பிடிபடாது. செயற்கைக்கோள் வரைபடத்தை முன்பே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது குன்றான சந்திராயன் துர்க்கத்துக்குச் சரியான பாதை இல்லை, புதர் மண்டியிருக்கும், விட்டுவிடுங்கள்.

காலை திறந்ததும் நுழைந்துவிட வேண்டும். பிற்பகல் ஆகிவிட்டால் ராஜகிரிக்கு ஏற விடமாட்டார்கள். பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம், மேலே கடை கிடையாது. தின்பண்டத்தைக் கையில் பையாகத் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கிவிடும், முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள். படிகள் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன. இறங்கும்போதுதான் சறுக்கும், அதனால் அடிப்பிடிப்புள்ள ஷூ வேண்டும். டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், கிருஷ்ணகிரிக்கும் அதையே கேட்பார்கள். கால் தாங்காதவர்கள் கிருஷ்ணகிரி மட்டும் ஏறலாம்: உயரம் குறைவு, எண்ணெயும் நெய்யும் சேமித்த கல்தொட்டிகள் அங்கே இருக்கின்றன, எதிரே ராஜகிரியின் மதில் வரிசை முழுதும் தெரியும்.