வேட்டியும் பைக்கும்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கும் வேட்டி கட்டிக்கொண்டுதான் பைக் ஓட்டுகிறேன். விசேஷ நாளுக்கு மட்டும் கட்டுகிற ஆள் அல்ல. வேலைக்கும் கடைக்கும் அதேதான். பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "அவிழ்ந்துவிடாதா?" என்பதுதான். இடுப்பில் பெல்ட் இருக்கும்வரை அவிழாது. தொந்தரவு இடுப்பில் இல்லை. தொடைக்குக் கீழே, ஒரு மடிப்பின்மேல் இன்னொரு மடிப்பு படிகிற இடத்தில் இருக்கிறது. டேங்கின் இருபுறமும் காலை அகட்டி உட்கார்ந்ததும் அந்த இடம் திறந்துகொள்கிறது. அதற்குப் பிறகு வேட்டி காற்றின் வசம்தான்.

இதனால்தான் ஒட்டிக்கோ வேட்டியை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். அது இடுப்பைப் பிடிக்கும், தொடையைப் பிடிக்காது. பத்துப் பதினைந்து சலவைக்குப் பின் ஒட்டும் பட்டையில் பஞ்சு அடைத்து இடுப்பையும் விட்டுவிடும். அதில் எனக்குப் பிடித்தது பாக்கெட் மட்டும். பர்ஸும் செல்போனும் வைக்கும் பையோடு வரும் அகலமான பச்சை பெல்ட் அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்கிறது.

நான்கு முழமா, எட்டு முழமா என்று கேட்டால் வண்டிக்கு எட்டு முழம்தான். இரட்டையாகச் சுற்றுவதால் ஓரம் திறந்தாலும் உள்ளே இன்னொரு சுற்று இருக்கும். சித்திரை வெயிலில் புழுங்கும், அது உண்மை. நூலும் முக்கியம். கடைக்காரர் பெருமையாக எடுத்துக் காட்டுகிற நூறாம் நம்பர் மெல்லிய துணி மணமேடைக்குச் சரி. சாலையில் கொடியாகப் பறக்கும். நாற்பதாம் நம்பர் கைத்தறி தடிப்பாக, சொன்ன இடத்தில் கிடக்கும். கஞ்சியைக் குறைவாகவே போட வேண்டும். மொடமொடப்பான வேட்டி காற்றை வாங்கும், உட்கார்ந்து எழுந்தால் கசங்கிய காகிதம்தான். பட்டு வேட்டி இன்னும் மோசம். ரெக்சின் சீட்டில் வழுக்கி, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் நம்மை டேங்க் பக்கம் தள்ளுகிறது. பாலியஸ்டர் கலந்ததை வண்டிக்கு வாங்கவே வேண்டாம்: சூடான சைலன்சரில் பருத்தி கருகும், பாலியஸ்டரோ உருகி ஒட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலப்பக்கம், சங்கிலி இடப்பக்கம். வேட்டியின் முனை எந்தப் பக்கம் விழுகிறது என்று ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பக்கம் சொருகுவது என்பது அவரவர் வீட்டுப் பழக்கம். வண்டிக்காக அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் முனை வலப்பக்கம் விழும்படி கட்டுகிறவர்கள் அதை இரண்டாக மடித்துத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவது நல்லது. சங்கிலியை முழுதாக மூடும் பெட்டி உள்ள நூறு சிசி வண்டியே வேட்டிக்காரருக்கு ஏற்றது. சங்கிலி திறந்து கிடக்கிற விளையாட்டு பைக்கை வேட்டியோடு தொட மாட்டேன்.

மடித்துக் கட்டினால் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது சுலபம். ஆனால் கெண்டைக்கால் சைலன்சருக்கு நேராக வெறுமனே நிற்கும்; பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களுக்குத் தொடை தரிசனமும் கிடைக்கும். முழங்கால் வரை வருகிற அரைக்கால் டிரவுசர் உள்ளே இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. எதிரே பெரியவர் வந்தால் மடித்ததை இறக்கிவிடுவதுதான் மரியாதை. கிளட்சைப் பிடித்திருக்கும் கை அதற்கு எங்கே போகும்? தலையை அசைத்துவிட்டுப் போகிறேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

வேட்டிக்கென்றே பிறந்த வண்டி எது என்றால் யோசிக்காமல் டிவிஎஸ் எக்ஸ்எல் என்பேன். 1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50இன் வாரிசு. முன்னால் இடைவெளி இருப்பதால் காலைத் தூக்காமல் நுழைந்து உட்காரலாம். கியர் இல்லாததால் செருப்புக் காலுக்கும் வேலை இல்லை. வயலுக்குப் போகிற பெரியவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு விலையும் மைலேஜும் மட்டும் காரணம் என்று நினைக்கவில்லை. ஸ்கூட்டரும் அப்படித்தானே என்பார்கள். ஏறுவது சுலபம்தான், ஆனால் டேங்க் இல்லாததால் துணியை அமுக்கிப் பிடிக்க முழங்காலுக்கு இடையில் எதுவும் இல்லை. முன்னால் பையைத் தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அது குறுக்கே அடிக்கும்போது வண்டியே ஒரு பக்கம் சாயும். வேட்டியைச் சரிசெய்ய ஒரு கையை எடுப்பது தற்கொலை. அந்த மாதங்களில் நாற்கரச் சாலையில் வேட்டியோடு போவதில்லை, ஊருக்குள் மட்டும்தான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: விழுந்தால் வேட்டி எதையும் காப்பாற்றாது. வேகம் நாற்பதைத் தாண்டும் பயணமென்றால் தடித்த பேண்ட்தான் அறிவு.

காற்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் மூட்டிய கைலிதான் வெற்றி, எங்கள் ஊர்ச் சாரம். திறப்பதற்கு ஓரமே கிடையாது. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக முடியாதே என்பதுதான் குறை. பஞ்சகச்சமும் வண்டிக்கு அருமை, காலுக்குத் தனித்தனியாகப் பிரிந்துவிடும். மயிலாப்பூரில் குருக்கள்மார் ஸ்கூட்டரில் பறப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தினமும் ஒன்பது முழத்தைக் கொசுவிச் சொருகும் பொறுமை எனக்கு இல்லை.

வேட்டி கட்டியவரைக் கிளப் வாசலில் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டில் 2014இல் சட்டமே வந்தது. வண்டி விஷயத்தில் சட்டத்தின் பார்வை வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக. ஓட்டுபவரும் தொங்கும் துணி கட்டியிருப்பார் என்ற நினைப்பே அதில் இல்லை. வண்டி வாங்கியதும் அழகு கெடுகிறது என்று அந்தத் தடுப்பைக் கழற்றுகிறவர்கள் வீட்டில் சேலை கட்டுகிறவர் யாருமே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. துண்டையும் அங்கவஸ்திரத்தையும் தோளில் போட்டபடி ஓட்டுவது இதைவிட ஆபத்து. மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். விபூதியையும் இறங்கிய பிறகு பூசிக்கொள்ளலாம், ஹெல்மெட் எப்படியும் அழித்துவிடும்.

மழைக்கு மட்டும் வழி இல்லை. நனைந்த வெள்ளை வேட்டி எதையும் மறைக்காது, காலைச் சுற்றிக்கொண்டு பிரேக் மிதியைத் தேடவும் விடாது. ரெயின்கோட் பேண்ட்டை அதன்மேல் போட்டால் துணி உள்ளே சுருண்டு முடிச்சாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்குப் பேண்ட்டில் போய், வேட்டியைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு, மண்டபத்தில் மாற்றிக்கொள்கிறேன்.