எக்செல் தொங்கியதற்கு 7,499 ரூபாய் தண்டம் அழுத கதை

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் "போனது போகட்டும்" என்று நானே சும்மா இருந்துவிடுவேன்.

திருப்பூரில் வீட்டிலிருந்தபடியே நான்கைந்து பனியன் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைப் போட்டாக வேண்டும் என்பதால் மாதாமாதம் 15க்கு மேல் எனக்குச் சோறு தண்ணி கிடையாது. இந்த மாதம் 17ஆம் தேதி சாயங்காலம் பர்ச்சேஸ் ஃபைலைத் திறந்தேன். எக்செல் ஜன்னல் அப்படியே வெளுத்துப் போனது. மேலே ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'நாட் ரெஸ்பாண்டிங்'. நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூடித் திறந்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், மறுபடி அதேதான்.

பதறிப்போய் நெட்டில் தேடினேன். முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். அது விளம்பரம் என்று சின்னதாகப் போட்டிருந்ததை இப்போதுதான் பார்க்கிறேன். 'வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் சரிசெய்து தருகிறோம்' என்று சொல்லும் ஆன்லைன் சர்வீஸ் ஒன்று. பெயர் வேண்டாம், இந்த மாதிரி ஐம்பது இருக்கின்றன.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினான். "அக்கா, டென்ஷன் ஆகாதீங்க, மாசக் கடைசி வேலையா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில்தான் விழுந்தேன். இரண்டு மணி நேரமாக வீட்டில் யாரும் கேட்காததை அவன் கேட்டுவிட்டான். அங்கிருந்தே என் கம்ப்யூட்டரை இயக்க ரிமோட் ஆப் ஒன்றை ஏற்றச் சொன்னான், ஏற்றினேன். அது காட்டிய ஒன்பது இலக்க எண்ணைச் சொல்லச் சொன்னான், சொன்னேன். மவுஸ் அம்பு தானாக நகர்ந்து போய் 'ஈவென்ட் வியூவர்' என்ற ஒன்றைத் திறந்தது. விண்டோஸ் தனக்குள் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேடாம் அது. சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமுமாக ஒரு பெரிய பட்டியல். மேலே எண்ணிக்கை 2,316. "பார்த்தீங்களாக்கா, இத்தனை எரர். இன்னும் ரெண்டு நாள் விட்டா ஹார்ட் டிஸ்க்கே போயிடும்." என் மூன்று வருடக் கணக்கும் அதில்தான் இருக்கிறது. 7,499 ரூபாய் என்றான். யுபிஐ பின் போட என் கை ஒரு நொடி கூடத் தயங்கவில்லை.

முக்கால் மணி நேரம் என்னென்னவோ அழித்தான், ஏதோ கிளீனர் ஏற்றினான். கடைசியில் எக்செலைத் திறந்து காட்டினான். வெறும் காலி ஷீட். என் ஃபைலைத் திறக்கவே இல்லை. நானும் திறக்கச் சொல்லவில்லை, அந்த அறிவு அப்போது இல்லை.

18ஆம் தேதி காலை ஃபைலைத் திறந்தால் மறுபடி வெளுத்தது. போன் செய்தேன். "டிக்கெட் போட்டாச்சு மேடம்" என்றாள் ஒரு பெண். 'அக்கா' ஒரே ராத்திரியில் 'மேடம்' ஆகிவிட்டது. மத்தியானம் அடித்தால் சீனியர் டெக்னீஷியன் மீட்டிங்கில் இருக்கிறார். சாயங்காலம் அந்த சீனியரே வந்தார்: "உங்க நெட்வொர்க்ல பிரச்சினை, அது வேற பிளான், 2,999 கட்டுங்க." பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்றதற்கு, சர்வீஸ் தொடங்கிவிட்டால் ரீஃபண்ட் கிடையாதாம். அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது, பதில் இல்லை. 7,499 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு மூன்று மாதம் எழுதினால் வரும் கூலி.

நேற்று ராத்திரி என் கொழுந்தனார் மகன் வந்தான், காலேஜ் படிக்கிற பையன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினான். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் 'டீடெய்ல்ஸ்' போய், எக்செல் மேல் ரைட் கிளிக் செய்து 'அனலைஸ் வெயிட் செயின்' என்று அழுத்தினான். எக்செல் யாருக்காகக் காத்திருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. splwow64 என்று ஏதோ பெயர். "பெரியம்மா, இது பிரிண்டர் சமாச்சாரம்" என்றான். என்னுடையது பழைய 32 பிட் எம்எஸ் ஆபீஸ். அது 64 பிட் விண்டோஸில் பிரிண்டரோடு பேச இந்த இடைத்தரகர் வேண்டுமாம்.

போன வாரம் ஒரு கிளையண்ட் ஆபீசில் லேப்டாப்பை வைத்து இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே டீஃபால்ட் ஆக்கிக்கொள்ளும் வசதி விண்டோஸில் ஆன் ஆகி இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்தபின், அவிநாசி ரோட்டில் இருக்கிற அந்தப் பிரிண்டரை என் எக்செல் தேடிக்கொண்டே நின்றிருக்கிறது. ஒரு ஜன்னல் ஐந்து நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸே அதன் மேல் வெளுத்த நகல் ஒன்றைப் போட்டு 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதிவிடுமாம். செத்துப்போனதாக அர்த்தம் இல்லை, எதற்கோ காத்திருக்கிறது, அவ்வளவுதான். செட்டிங்ஸில் அந்த வசதியை ஆஃப் செய்து, 'பிரிண்ட் டு பிடிஎஃப்'ஐ டீஃபால்ட் ஆக்கினான். நான்கு நிமிடம். ஃபைல் திறந்துவிட்டது.

பிறகு தன்னுடைய புது லேப்டாப்பில் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டினான். அதிலும் சிவப்பும் மஞ்சளும் வரிசை கட்டி நின்றன. நன்றாக ஓடுகிற எந்த மெஷினிலும் அது அப்படித்தான் இருக்குமாம். எக்செல் தொங்கியதற்கான பதிவு 1002 என்ற எண்ணில் என் மெஷினிலேயே இருந்தது. 7,499 வாங்கியவன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரம் இல்லை. விளம்பரத்தில் வரும் நம்பருக்கு அடிக்காதீர்கள். ரிமோட் ஆப் எண்ணை முன்பின் தெரியாதவனிடம் சொல்லாதீர்கள். சொல்லித் தொலைத்துவிட்டால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள், ஆப்பை நீக்குங்கள், வேறு மெஷினிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள். நான் இரண்டு நாள் கழித்துத்தான் அடித்தேன். புகாரைப் பதிந்துகொண்டார்கள். பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானே மேடம்" என்கிறார்கள்.

இன்று 20. இன்னும் இரண்டு ரிட்டர்ன் பாக்கி, போகிறேன்.