நாலு வருஷச் சுருதிப் பெட்டியும் என் தார பஞ்சமமும்

அலுவலக நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "நீங்க வச்சிருக்கிற அதே சுருதிப் பெட்டி விலை இறங்கியிருக்கு, வாங்கவா? மேல்ஸ்தாயி பிடிக்க உதவுமா?" வாட்ஸ்அப்பில் இரண்டு வரி பதில் தட்ட ஆரம்பித்தேன். இரண்டு வரியில் அடங்கவில்லை. காரணம், அந்தப் பெட்டியின் மேல் எனக்குள்ள கோபம்.

பாடும்போது ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் அந்த மின்சாரப் பெட்டி சென்னைக்குப் போனபோது வாங்கியது, பழைய திருகு வகை. சுருதிக்கு ஒரு திருகு, சத்தத்துக்கு ஒரு திருகு, அவ்வளவுதான். பிளக் உருண்டைக் கால், நம் சிங்கப்பூர் வீட்டு மூன்று கால் சதுரத் துளையில் நுழையாது. தேக்காவில் ஒரு அடாப்டர் வாங்கிச் சமாளித்தேன். அதன் நாதத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஃபோன் செயலிகளில் கேட்கும் தம்புராவை விட இதன் ரீங்காரம் உடம்பில் இறங்கும். பாடும்போது பாதியில் யாரும் ஃபோனில் கூப்பிட்டுக் கெடுக்கவும் முடியாது.

நான் குரு இல்லாமல் கற்றவன். ஒன்றரைக் கட்டையில் பாடுவதாக நானே முடிவு செய்துகொண்டேன். கட்டை என்பது ஆதார ஷட்ஜம், அதாவது "ச", எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சொல்லும் அளவு. மாயாமாளவகௌளையில் மேல் ஷட்ஜம் தாண்டி ரிஷபம் வரை போகும். தார காந்தாரத்தில், அதாவது மேல்ஸ்தாயிக் காந்தாரத்தில், கதவு சாத்திவிடும். அந்த இடம் சுமார் 349 ஹெர்ட்ஸ். பெரும்பாலான ஆண் குரல்கள் தடுமாறுகிற எல்லை அங்கேதான் இருக்கிறது என்பது பின்னால் படித்துத் தெரிந்தது. அப்போது தெரிந்த வழி ஒன்றுதான்: கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது. வீவக அடுக்குமாடி வீட்டில் இப்படிக் கத்தினால் என்ன ஆகும்? அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டி லிஃப்டில் பார்த்துச் சிரிப்பார், அந்தச் சிரிப்பே போதும்.

வழி மாறியது ஒரு தே ஓ பெங் (பால் சேர்க்காத ஐஸ் டீ) பொட்டலத்தோடு வந்த ஸ்ட்ராவால். அரை கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை ஒரு விரல் ஆழம் விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே சறுக்க வேண்டும். இங்கோ டிட்சே என்ற குரல் அறிவியலாளர் ஸ்ட்ரா பயிற்சியைப் பரப்பியவர். ஃபின்லாந்தில் அதற்கு முன்பே கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் விட்டு இதைச் செய்திருக்கிறார்கள். வாய்ப்பக்கம் குறுகினால் காற்று கொஞ்சம் திருப்பி அழுத்தும். குரல் நாண்கள் ஒன்றையொன்று மோதி நசுக்காமல், குறைந்த பலத்திலேயே அதிரும். மேல் சுரத்துக்கு நாண் நீண்டு மெலிய வேண்டும், நானோ அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளியிருக்கிறேன். ஆறு மாதம், தினம் பத்து நிமிடம். குமிழி சத்தம் சுவர் தாண்டாது. ஒருநாள் ஆன்ட்டி, "இப்பல்லாம் சத்தமே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்.

டிசம்பர் மழை இரவு ஒன்று. மழை கொட்டும்போது பாடினால் யாருக்கும் கேட்காது. பெட்டியைப் போட்டேன், காந்தாரம், மத்திமம், அப்புறம் பஞ்சமம். கள்ளக் குரல் இல்லை, சொந்தக் குரல். "ஈ" என்று நெரித்துப் பாடாமல் வாயைக் கொஞ்சம் "ஏ" பக்கம் திறந்ததும் தொண்டை விட்டுக்கொடுத்தது. பதிவு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா சின்ன வயதில் வயலின் கற்றவள். பதில் வந்தது: "நல்லாயிருக்குடா. ஏன் அரைக் கட்டை கீழ பாடுற?" இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

போன மாதம் பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. சிம் லிம் டவரில் ஒரு அங்கிள் பிரித்துப் பார்த்தார். சுருதித் திருகின் உள்தடம் தேய்ந்து, தூசி அப்பியிருந்தது. கன்ட்ரோலை மாற்றிக் கொடுத்தார், 18 வெள்ளி. வீட்டுக்கு வந்து ஒன்றரையில் வைத்துப் பாடினேன். பஞ்சமம் வரவில்லை. மறுபடி பாடினேன். வரவில்லை. சந்தேகம் தட்டி, அந்த மழை இரவின் பதிவை ஃபோன் ட்யூனரில் போட்டேன். பெட்டியின் ஷட்ஜம் சரியாக ஒரு கட்டையில் நின்றது. திருகில் எழுதியிருந்ததோ ஒன்றரை. நான் தொட்டது ஒன்றரைக் கட்டைப் பஞ்சமமான 415 ஹெர்ட்ஸ் இல்லை, ஒரு கட்டைப் பஞ்சமமான 392.

ஒரு சுருதிப் பெட்டிக்கு இருக்கிற ஒரே வேலை இடம் மாறாமல் நிற்பது! சூடேறினால் நழுவும் என்று வாங்கியபோதே தெரியும், முதல் வருஷம் தினமும் கீபோர்டோடு ஒப்பிட்டுத் திருகுவேன். அப்புறம் சோம்பல். அது என் தப்பு, சரி. ஆனால் அரைக் கட்டையா?

கோபம் ஆறியதும் கணக்குப் போட்டேன். முன்பு நான் முட்டி நின்றது 349, அது கீபோர்டில் சரிபார்த்த காலத்துக் கணக்கு. இப்போது 392 கஷ்டமில்லாமல் வருகிறது. ஒரு முழுக் கட்டை ஏறியிருக்கிறேன், அது பொய் இல்லை. பெட்டி மெல்ல மெல்ல இறங்கியதால்தான் தொண்டை பயப்படாமல் பழகியது என்று கூடத் தோன்றுகிறது. குருவிடம் போயிருந்தால் முதல் நாளே "ஒரு கட்டையில பாடுப்பா" என்றிருப்பார், நான் கேட்டிருக்க மாட்டேன்.

நண்பருக்குப் பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கட்டையை எண்ணில் காட்டும் டிஜிட்டல் வகை வாங்குங்கள், கூடவே ஒரு ஸ்ட்ரா. என்னுடையதைக் கேட்காதீர்கள், விற்பதாக இல்லை. இப்போது அதை ஒரு கட்டையில் வைத்துத்தான் பாடுகிறேன், தினமும் ட்யூனரில் சரிபார்த்த பிறகு.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.