பாதரச மண்: அள்ளிக்கொண்டு போவதா, அங்கேயே கழுவுவதா?

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்கா போனது. மண் போகவில்லை. பாம்பார் சோலைக்கு மேலே, சரிவில் இருக்கிறது அந்த மனை. சுத்தம் செய்யும் அளவுகோல், கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். இது போதாது என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.

அள்ளி வேறிடத்தில் புதைப்பதோ, அங்கேயே கழுவுவதோ, எந்த வழியானாலும் முதல் வேலை கட்டம் போட்டு, ஆழம் வாரியாக மண் எடுத்துப் பார்ப்பது. இதில் கஞ்சத்தனம் செய்தால் பின்னால் இரட்டைச் செலவு.

செலவு: அள்ளினால் லாரி வாடகையும், கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கும் குழிக்குக் கட்டணமும். கழுவினால் இயந்திரம், எரிபொருள், கழுவிய நீரைச் சுத்திகரிப்பது.

வேகம்: அள்ளுவதுதான்.

நிலைப்பு: அள்ளினால் விஷம் இடம்தான் மாறுகிறது, கும்மிடிப்பூண்டிக் குழியை யாராவது காலம் முழுக்கக் காக்க வேண்டும். கழுவும்போது பாதரசம் ஒட்டியிருக்கும் நுண்மண் தனியே பிரிகிறது. அதை மூடிய உலையில் சூடாக்கினால் (பாதரசம் 357 டிகிரியில் கொதிக்கும்) ஆவியைக் குளிரவைத்து வெள்ளி நிறத் துளிகளாகவே திரும்பப் பிடித்துவிடலாம்.

தொல்லை: சரிவில் மரத்தைச் சாய்த்துத் தோண்டினால் அடுத்த மழைக்கே மண் சோலைக்குள் இறங்கும். இது இரண்டுக்கும் பொது.

சில லோடுதான், மனை சீக்கிரம் வேண்டும் என்றால் அள்ளுங்கள். ஏராளமாக, மணல் கலந்த மண் என்றால் கழுவுங்கள். முழுக்கக் களிமண்ணா? கழுவிப் பயனில்லை, நேரே உலைதான்.