மிரர் குளோனோடு ஆறு வருடம்

எச்பி இவிஏ 6400 என்ற ஸ்டோரேஜ் அரேயில் (பல டிஸ்குகளை ஒன்றாக்கி சர்வர்களுக்குக் கொடுக்கும் பெட்டி) மிரர் குளோன் வசதியை ஆறு வருடம் தினமும் ஓட்டியிருக்கிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸ் ஒன்றின் விடிஸ்குகளுக்கு (அரே சர்வருக்குக் காட்டும் மெய்நிகர் டிஸ்குகள்) அதே அரேயில் முழு நகல், அதிலிருந்து டேப் பேக்கப். வேலை இவ்வளவுதான்.

இந்த அரேயில் நகலெடுக்க மூன்று வழி. ஸ்னாப்ஷாட் இடத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் மூல விடிஸ்கை நம்பித்தான் உயிர் வாழும். ஸ்னாப்குளோன் முழு நகல். எடுத்து முடித்ததும் தனிக்குடித்தனம் போய்விடும், மறுநாள் மறுபடி முதலிலிருந்து காப்பி. மிரர் குளோன் பிரிந்து போனாலும் உறவை விடாது. ஃப்ராக்சர் (மூலத்திலிருந்து உடைத்துப் பிரிப்பது) செய்த பிறகு எங்கெங்கே மாறியது என்று குறித்து வைத்துக்கொள்ளும், ரீசிங்க் (மறுபடி மூலத்தோடு ஒத்திசைப்பது) கொடுத்தால் மாறியதை மட்டும் காப்பி செய்யும். முதல் சிங்க் ஒரு இரவு முழுக்க ஓடியது. அடுத்த நாளிலிருந்து காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்தது. வீட்டில் கண்ணாடி உடைந்தால் அபசகுனம் என்பார்கள். நாங்கள் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு வேண்டுமென்றே உடைத்தோம்.

முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். குளோனைப் பகலெல்லாம் சிங்கிலேயே விட்டு வைப்பேன், 'எப்போதும் லேட்டஸ்ட் நகல் கையில் இருக்கிறது' என்ற பெருமை. ஒரு மதியம் யாரோ ஒரு டேபிளை டிராப் செய்தார்கள். நகலைத் திறக்கலாம் என்று போனால், அந்த நொடியே அதிலும் டேபிள் இல்லை. டேப்பைத் தேடி மீட்டு முடிக்க விடிந்துவிட்டது. அப்புறம் வழக்கத்தை மாற்றினேன்: பகல் முழுக்க ஃப்ராக்சர் நிலை. இரவில் ரீசிங்க், டேட்டாபேஸை பிகின் பேக்கப்பில் (ஓடும்போதே நகலெடுக்க ஆரக்கிளைத் தயார்படுத்தும் நிலை) போட்டு எல்லா விடிஸ்கையும் ஒரே நேரத்தில் ஃப்ராக்சர், எண்ட் பேக்கப், பிறகு டேப். ரீசிங்க் ஓடும் நேரத்தில் குளோன் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதனால் முந்தைய நாள் டேப் வேலை முடிந்ததைப் பார்க்காமல் ரீசிங்க் தொடக் கூடாது.

இன்னொன்று, குளோனை வேறு டிஸ்க் குரூப்பில் (அரேக்குள் சேர்த்துக் கட்டிய டிஸ்க் கூட்டம்) வையுங்கள். ஒரே குரூப்பில் வைத்தால் குரூப் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். நாங்கள் மூலத்தை வேகமான எஃப்சி டிஸ்கில் விரெய்டு 1-லும் (எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி), குளோனை மலிவான ஃபாட்டா டிஸ்கில் விரெய்டு 5-லும் (குறைந்த இடத்தில் பாதுகாப்பு) வைத்தோம்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குளோனை மூலம் இருக்கும் அதே சர்வரில் காட்டினால் எல்விஎம் (லினக்ஸில் டிஸ்குகளை நிர்வகிக்கும் அடுக்கு) குழம்பும், இரண்டு டிஸ்குக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்). 'விஜிஇம்போர்ட்குளோன்' கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் மவுண்ட் செய்யும்போது 'நோயூயூஐடி' போட வேண்டும். ரீசிங்குக்கு முன்னால் அன்மவுண்ட் செய்து, அந்த சர்வருக்குக் காட்டியதையும் எடுத்துவிட வேண்டும்.

ரெஸ்டோர்தான் இதன் உண்மையான பலம். குளோனில் இருப்பது மூலத்துக்குத் திரும்பும், காப்பி முழுதாக முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பயமும் அங்கேதான். ரீசிங்கும் ரெஸ்டோரும் ஒரே உறவின் இரண்டு திசைகள். மாற்றிக் கொடுத்தால் நல்ல பக்கத்தைக் கெட்ட பக்கம் அழித்துவிடும். ஆறு வருடத்தில் நிஜமாக ரெஸ்டோர் செய்தது இரண்டே முறை. இரண்டு முறையும் வெள்ளைப் பலகையில் இரண்டு பெட்டி வரைந்து நடுவில் அம்புக்குறி போட்டோம். "அண்ணா, சத்தமா ஒருவாட்டி வாசிங்க" என்றான் கூட இருந்த தம்பி. மூலத்தின் பெயர், குளோனின் பெயர், அம்பு எந்தப் பக்கம் என்று வாசித்து முடித்த பிறகுதான் அவன் மவுஸைத் தொட்டான்.